சாந்திநிகேதனின் கைவினையும் போல்பூர் வட்டாரப் பொருளாதாரமும்: ஸ்ரீநிகேதனை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சிறுநகரங்களில் கலைஞர்களைக் குடியமர்த்திக் கலை வட்டாரங்களை உருவாக்கினால் உள்ளூர் வணிகம் தழைக்கும் என்னும் கருத்து, அண்மைக் காலத்தில் நகரத் திட்டமிடலில் செல்வாக்குப் பெற்றுள்ளது. மேற்கு வங்காளத்துப் பீர்பூம் மாவட்டத்தில், போல்பூர் என்னும் சிறுநகரை ஒட்டி 1920களிலேயே இதையொத்த முயற்சி ஒன்று நடைபெற்றது. சாந்திநிகேதன் என்றதும் தாகூரின் கல்விக்கூடமும் நந்தலால் போஸின் ஓவியங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், கலை ஊராரின் வருவாயாக மாறிய இடம், சில கிலோமீட்டர் தொலைவில் சுருல் கிராமத்தில் அமைந்த ஸ்ரீநிகேதனே ஆகும்.

தாகூர் 1912இல் வாங்கிய சுருல் மாளிகையில், 1922 பிப்ரவரியில் கிராமப் புனரமைப்பு நிலையம் தொடங்கப்பெற்றது. ஆங்கிலேயரான லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் பொறுப்பேற்றார். பின்னாளில் அவருடைய துணைவியாரான அமெரிக்கச் செல்வர் டோரத்தி ஸ்ட்ரெய்ட் பொருளுதவி செய்தார். தொடக்கத்தில் அங்குக் கலை முதன்மை பெறவில்லை. மலேரியா, குரங்குத் தொல்லை, ஊராரிடையே நிலவிய அவநம்பிக்கை ஆகிய மூன்றையுமே எல்ம்ஹர்ஸ்ட் முதன்மைத் தடைகளாகக் கண்டார். வேளாண்மையை மட்டும் நம்பி வாழ இயலாத செம்மண் நிலம் அது. எனவே நெசவு, மட்பாண்டம், அரக்கு வேலை, தோல் வேலை முதலிய துணைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. முதலில் வயிற்றுப்பாடு, பின்னரே வடிவழகு என்னும் இவ்வரிசைமுறை, இன்றைய திட்டங்கள் பலவற்றிற்கு நேர்மாறானது.

வடிவழகு, 1919இல் தோன்றிய கலாபவனத்திலிருந்து வந்தது. இதில் மலாயா வாசகர்க்கு நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. 1927 ஜூலையில் சிங்கப்பூர் வந்திறங்கிய தாகூர், மலாயாவில் பயணம் செய்தபின் ஜாவாவுக்கும் பாலிக்கும் சென்றார். மொழியறிஞர் சுனிதிகுமார் சாட்டர்ஜியுடன், சுரேந்திரநாத் கர், தீரேந்திர கிருஷ்ண தேவவர்மன் ஆகிய ஓவியர் இருவரும் உடன் சென்றனர். அப்பயணத்தின் பயனாக ஜாவாவின் பாத்திக் கலை சாந்திநிகேதனில் வேரூன்றியது. தாகூரின் மருமகள் பிரதிமா தேவி அதனை வளர்த்தெடுத்தார். துணியில் பூசிய மெழுகு வெடித்து, அவ்வெடிப்பின் வழியே சாயம் இறங்கித் தோன்றும் கோடுகளின் சாயல், நாளடைவில் தோலிலும் கொண்டுவரப்பட்டது. இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ள சாந்திநிகேதன் தோல் பொருள்களின் தனித்தன்மை இதுவே. நம் தீவுக்கூட்டத்துக் கலை ஒன்று வங்காளக் கிராமத்தாரின் பிழைப்பாயிற்று என்பது, இந்தியப் பண்பாடு கிழக்கு நோக்கி மட்டுமே பரவியது எனக் கற்பிக்கும் நம் பாடநூல்களில் இடம்பெறத் தக்கது.

எனினும் இப்பொருள்களை வாங்கியவர் யார் என்ற வினா எழுகிறது. கைப்பையையும் மேசைவிரிப்பையும் சுருல் உழவர் வாங்கியிருக்க இயலாது. கல்கத்தா நடுத்தர வர்க்கத்தாரே வாங்கினர். ஆகவே இத்தொழில் தொடக்கம் முதலே வெளியூர்ச் சந்தையைச் சார்ந்து நின்றது. இச்சார்பே அதன் வலிமை; அதன் நலிவும் அதுவே. 1951இல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானபின் ஸ்ரீநிகேதன் அதன் கல்விப் பிரிவுகளுள் ஒன்றாயிற்று. தொழிலோ வளாகத்துக்கு வெளியே பரவியது. ஒரு காலத்தில் விடுதலைப் போராளிகளின் புகலிடமாயிருந்த அமர் குடீர் போன்ற அமைப்புகளும் சிறு பட்டறைகளும் அதனைத் தொடர்ந்தன. கைவினை பட்டறைகளில் நிலைபெற்றமையைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை.

கவலைக்குரியது பிறிதொன்று. 2000களின் தொடக்கத்தில் ஷியாமலி காஸ்த்கீர், உள்ளூரார் தாம் செய்தவற்றைத் தாமே விற்கச் சோனாஜுரி மரங்களின் நிழலில் சனிக்கிழமைச் சந்தை ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர்ப் பிற நாள்களிலும் கூடும் பெருஞ்சந்தையாகி, வெளியிலிருந்து வரும் சரக்கும் அங்கே குவியலாயிற்று. சுற்றிலும் கொல்கத்தாவாசிகளின் வாரயிறுதி இல்லங்களும் விடுதிகளும் எழுந்தன. பை தைப்பவரின் கூலியைக் காட்டிலும் அவர் குடியிருக்கும் மண்ணின் விலை விரைந்து ஏறும் இடத்தில், கலையால் ஊர் வளர்ந்தது என்று கூறும்முன் ஊர் என்பது யாரைக் குறிக்கிறது என்று கேட்க வேண்டும். 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆசிரமம், உத்தராயணம், கலாபவனம் ஆகியவை பட்டியலிடப்பட்ட பகுதியுள் அடங்குகின்றன, சுருல் அடங்கவில்லை.