கலவரத்துக்கு முந்திய நாட்கள்

1915 மே 28, வெசாக் இரவு. நள்ளிரவை அடுத்து, பக்திப் பாடல் பாடிச் சென்ற குழுவொன்று கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலை நெருங்கியபோது கூச்சல் எழுந்தது, கற்கள் பறந்தன. விடிவதற்குள் கண்டியில் முஸ்லிம்களின் கடைகள் உடைபட்டன. அடுத்த சில நாட்களில் தீ மேற்குக் கரைவரை பரவிற்று. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன.

இதை அந்த ஒரு இரவின் கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் கதை தொடங்கியது கம்பளையில். அங்கே அம்பகமுவ வீதியில் கரையோரச் சோனகரின் பள்ளிவாசல் இருந்தது. வல்லஹாகொட தேவாலயப் பெரஹரா மேளதாளத்துடன் அதைக் கடந்து செல்வதா என்பதே பிணக்கு. 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம் தந்த உரிமை இது என்று பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடர்ந்தார். 1914 ஜூன் 4ஆம் திகதி கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரி 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதை மாற்றியது.

ஒரு தரப்பு வென்றது. மறு தரப்பு காயப்பட்டது. பெப்ரவரி 2க்கும் மே 28க்கும் இடையே 115 நாட்கள். தீர்ப்பு உரிமையை வரையறுத்தது, மனங்களைச் சேர்க்கவில்லை. சேர்ப்பது நீதிபதியின் வேலையல்ல, தலைவர்களின் வேலை. வழக்கு கரையோரச் சோனகரின் வழக்கு என்று இலங்கைச் சோனகர் விலகியிருந்தாலும் பயனில்லை. கடை உடைத்தவன் ஊர் கேட்டு உடைக்கவில்லை.

ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் நபிகளார் (ஸல்) அவர்கள் உம்ரா செய்யாமலே திரும்ப இணங்கினார்கள். தோழர்கள் மனம் பொறுக்கவில்லை. அந்த இக்கட்டில் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையைக் கேட்டு நடந்தார்கள். உரிமையைச் சற்றுத் தள்ளிவைப்பது தோல்வியாகாது என்பதும், அருகிலிருப்பவரின் சொல்லைக் கேட்பது தலைமைக்கு இழுக்காகாது என்பதும் அங்கே நமக்குக் கிடைத்த பாடங்கள்.

கலவரத்தின் பின்னரும் தலைமை சோதிக்கப்பட்டது. ஆளுநர் சால்மர்ஸ் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். நிரபராதிகளான சிங்களவர் பலரும் தண்டிக்கப்பட்டனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடினார், லண்டன்வரை சென்றார். அது துணிவு, மறுப்பதற்கில்லை. ஆயினும் கடையிழந்த சோனகனின் துயருக்கு அந்தக் குரலில் போதிய இடம் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் நம் சமூகத்தில் நெடுங்காலம் தங்கிவிட்டது. இரு பக்கத்துக் காயத்தையும் ஒரே நாவால் பேசத் தெரிவதும் தலைமைக்கு வேண்டிய பண்பே.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அதே கண்டி மாவட்டம். 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கினர். மார்ச் முற்பகுதியில் அவர் இறந்தார். மார்ச் 5ஆம் திகதி திகன எரிந்தது. எரிந்த வீடொன்றினுள் முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மறுநாள் அவசரகால நிலை பிரகடனமானது. அதற்கடுத்த நாள் முகநூல் முடக்கப்பட்டது. இம்முறை இடைவெளி 11 நாட்கள். வதந்தி கைத்தொலைபேசியில் ஓடும் காலத்தில் 115 நாட்கள் 11 ஆகச் சுருங்கிவிட்டன.

அந்தப் 11 நாட்களில் வைத்தியசாலைக் கட்டிலருகே யார் போய் நின்றார்கள், குற்றம் செய்த நம் பிள்ளைகளை யார் வெளிப்படையாகக் கண்டித்தார்கள், விகாரையின் வாசலை யார் தட்டினார்கள் என்பவைதான் தலைமையை அளக்கும் கேள்விகள். தீ மூண்டபின் அறிக்கை விடுவது எளிது. பள்ளிவாசல் நிர்வாகியும் ஊர்ப் பெரியவரும் பக்கத்து விகாரையின் தேரரைப் பெயர் சொல்லி அறிந்திருக்கும் ஊரில் முதற் கல்லை எறிவது கடினம். அந்த அறிமுகத்தை அமைதியான நாட்களிலேயே தேடிக்கொள்ள வேண்டும். நெருக்கடி நாளில் அது கிடைக்காது.