மூல ஊற்று என்கிற கற்பிதம்

பொன்னிறம், மேலே கெட்டியான வெண்ணுரை, முதல் மிடறில் முளைகட்டிய பார்லியின் மெல்லினிப்பு, தொண்டையில் இறங்கும்போது ஹாப்ஸ் பூவின் கசப்பு. செக் நாட்டுப் பில்சனர் பீரின் குணம் இது. தேசியப் பானம் என்கிறார்கள். ஒரு பானம் எப்படித் தேசியமாகிறது என்பதுதான் நம் கேள்வி.

பொஹீமியாவின் பில்சன் நகரத்தில் 1838இல், கெட்டுப்போன பீரை 36 பீப்பாய் நகர மன்றத்தின் முன்னால் கொட்டினார்கள். மக்கள் கோபம் என்று இதைச் சொல்வது வழக்கம். மக்கள் என்றால் யார்? பீர் காய்ச்சும் உரிமை குறிப்பிட்ட வீடுகளின் சொந்தக்காரர்களிடமே இருந்த ஊர் அது. அடுத்த வருஷமே பொதுவில் ஒரு ஆலை கட்டத் தீர்மானித்தவர்களும் அவர்கள்தாம்.

ஆலைக்கு வரவழைக்கப்பட்ட யோசஃப் கிரோல் பவேரியாக்காரர். 1842 அக்டோபர் 5இல் முதல் பீரைக் காய்ச்சினார். குளிரில் மெதுவாக நொதித்து அடியில் படியும் ஈஸ்ட், பவேரியாவின் வழி. பார்லியைக் கருக விடாமல் வெளிறலாக உலர்த்தும் சூளை, இங்கிலாந்தின் வழி. பார்லியும் ஹாப்ஸும் பொஹீமியாவுடையவை. பில்சன் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. தாராளமாக ஹாப்ஸ் போட்டாலும் கசப்பு முரடாகாது. சரி, இதில் எந்தத் துளி செக், எந்தத் துளி அந்நியம்? பிரித்துக் காட்ட யாராலும் ஆகாது. கிரோலோ 1845இல் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டார்.

சீக்கிரமே ஊருக்கு ஊர் 'பில்சனர்' கிளம்பிவிட்டது. 1859இல் ஆலை 'பில்சனர் பீர்' என்ற பெயரைப் பதிவுசெய்தது. அது போதவில்லை. 1898இல் ஜெர்மனில் 'உர்க்வெல்' என்றும் செக்கில் 'ப்ரஸ்ட்ரோய்' என்றும் பதிவுசெய்தது. இரண்டுக்கும் மூல ஊற்று என்றே பொருள். நகல்கள் பெருகிய பிறகுதான் மூலத்துக்குத் தன்னை மூலம் என்று சொல்லிக்கொள்ளும் தேவை வருகிறது. அதைச் சொல்லவும் இரண்டு மொழிகள் வேண்டியிருந்தன.

அந்த இரண்டு மொழிகளும் ஹாப்ஸ் விளையும் ஜாடெட்ஸ் ஊரிலும் உண்டு. ஜெர்மனில் அது ஸாட்ஸ். இரண்டாம் உலகப்போருக்கு முன் அங்கே பெரும்பான்மையோர் ஜெர்மன் பேசியவர்கள். நாஜி ஆக்கிரமிப்பின் கொடுமைகளை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. ஆனால் 1945–46இல் தண்டனை குற்றவாளிகளோடு நிற்காமல், பேசிய மொழியைப் பார்த்து ஒரு முழு மக்கள்திரள்மீது இறங்கியது. லட்சக்கணக்கானோர் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஹாப்ஸ் கொடிகள் அதே மண்ணில் நின்றன. பறிக்கும் கைகள் மாறின. 2023இல் அந்த நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆலையின் கதை வேறு. போருக்குப் பின் அரசுடைமை, 1999இல் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் உடைமை, 2017இல் ஜப்பானின் அசாஹியுடைய உடைமை. மூலதனம் எல்லை தாண்டி வந்தால் தேசத்தின் தூய்மைக்குப் பங்கம் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வேறு மொழி பேசினால்தான் வருகிறது. ஆகவே மூலம், பாரம்பரியம், மண்ணின் சொத்து என்று எந்தக் குரல் எழுந்தாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அந்த மூலத்தைச் சுத்தமாக்க யாரை வெளியே அனுப்பினீர்கள்?