பேச ஒரு சபை

ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் பேசுவார்கள். முடிவு மட்டும் முன்னமேயே யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஆகியிருக்கும். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் சரித்திரத்தைப் படிக்கும்போது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது.

1902-ல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அங்கே பிரதிநிதி சபை ஒன்றை ஏற்படுத்தினார். அங்கத்தினர்கள் குறைகளைச் சொல்லலாம், யோசனை கூறலாம். தீர்மானிப்பது தர்பாரின் வேலை. 1924-ல் 50 பேர் கொண்ட சட்டசபை வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அப்போதும் கடைசி வார்த்தை தர்பாருடையதுதான்.

அப்படியானால் இத்தனை பேச்சும் வீண்தானா? நான் அப்படி நினைக்கவில்லை. நாலு பேர் காதுபடக் கேட்ட கேள்விக்கு அதிகாரி ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லிப் பழகிய அதிகாரமும், கேள்வி கேட்டுப் பழகிய குடிகளும் பழைய மாதிரி இருக்க முடியாது.

ஆனால் பேசுவது வேறு, தீர்மானிப்பது வேறு. 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. சமஸ்தானத்தின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான். நல்ல முடிவுதான், சந்தேகமில்லை. ஆயினும் 46 வருஷம் பேசிப் பழகிய ஜனங்களின் கை அந்தக் காகிதத்தில் படவில்லையே என்ற குறை எனக்கு உண்டு.