வெக்கை நோய் ஒழிந்த வரலாறு

ஊரில் மாடுகளுக்கு வெக்கை கண்டுவிட்டதென்றால், முன்னாளில் உழவர் வீடுகளில் அடுப்பெரியாது. காய்ச்சல், வாய்ப்புண், ஓயாத கழிச்சல். சில நாட்களிலேயே தொழுவம் வெறுமையாகிவிடும். ஏர் நின்றபின் சோறு ஏது?

இந்நோயை விளைத்தது பாராமிக்சோ என்னும் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ். ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருளைக் கொண்ட இக்குடும்பம் முதுகெலும்புள்ள பிராணிகளைப் பற்றுவது. நம் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையும் வெக்கைக்கு நெருங்கிய உறவே.

கால்நடை நோய்களை ஆராய 1889இல் புனாவில் தொடங்கிய ஆய்வுக்கூடம், 1893இல் குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவரத்துக்குப் பெயர்ந்தது. கொடிய கிருமிகளை ஊர்களுக்கு அப்பால் வைத்து ஆராய வேண்டியிருந்தது. அங்கே எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர், 1920களில், வெக்கைக் கிருமியை வெள்ளாடுகளின் உடலில் அடுத்தடுத்துச் செலுத்தி, அதன் கொடுமையைக் குறையச் செய்தார். அதுவே மாடுகளுக்குத் தடுப்பு மருந்தாயிற்று.

1954இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. கால்நடை ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டனர். நோயினின்று ஒருமுறை பிழைத்த மாட்டை அது மீண்டும் பற்றாது. தடுப்பூசியும் அவ்வாறே நெடுங்காலம் காத்தது. 1995க்குப் பின் இந்தியாவில் வெக்கை தோன்றவில்லை. 2011இல் உலகமே அதனின்று விடுபட்டதென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர் வேரோடு களைந்த நோய் இதுவே.

வடபுலத்தில் வாழும் நாம் என்றேனும் முக்தேசுவரம் செல்ல நேர்ந்தால், நம் சொந்த ஊர்த் தொழுவங்களையும் காத்த மலை இது என நினைத்தல் தகும். அதன் உறவான தட்டம்மையோ, தடுப்பூசி இருந்தும், இன்னும் நம்மிடையே உலவுகின்றது. மாட்டுக்குச் செய்து முடித்ததை நம் மக்களுக்குச் செய்யாதிருக்கலாமா?