பிரெசிஷனா, ஜாஸா? கைமாறும் இரண்டு பேஸ் கிட்டார்கள்

பேஸ் கிட்டார் பித்து பிடித்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஃபெண்டர் நிறுவனத்தின் இரண்டு கருவிகளில் வந்து நிற்கும். ஒன்று 1951-இல் வெளிவந்த பிரெசிஷன் பேஸ். மற்றது 1960-இல் வெளிவந்த ஜாஸ் பேஸ். இரண்டும் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் பிறந்தவை. இரண்டிலும் தந்திகள் நான்கு, அதிரும் நீளம் 34 அங்குலம், சுருதி ஒன்றே. ஒன்றிலிருந்து கழற்றிய தந்தியை மற்றதில் அப்படியே மாட்டலாம். இவ்வளவு நெருக்கம் இருப்பதால்தானோ என்னவோ, இவற்றை வைத்து நடக்கிற வாக்குவாதம் பங்காளிச் சண்டைபோல ஓயாமல் நீள்கிறது.

வாக்குவாதத்தோடு நின்றால் பரவாயில்லை. பிரெசிஷனைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் பணமும் போட்டு ஜாஸை வாங்கிப் போவார் ஒருவர். சில மாதம் கழித்து அவரே ஜாஸை விற்பதற்கு ஆள் தேடுவார். இந்த வட்டாரத்தில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டால் கழுத்தின் பருமன், ஒலியின் தன்மை, எடை என்று காரணங்கள் வரிசையாக வரும். அவை பொய்யில்லை. ஆனால் எந்தக் கருவி என்பதைப் போலவே, எங்கே வைத்து அதை வாசித்துப் பார்த்தோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. விலைபேசும் இடத்தில் ஜாஸ் ஜெயிக்கிறது, கச்சேரியில் பிரெசிஷன் ஜெயிக்கிறது என்பது என் கட்சி.

முதலில் கருவிகளைப் பார்ப்போம். லியோ ஃபெண்டர் வானொலிப் பெட்டி பழுதுபார்த்துத் தொழில் தொடங்கியவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த வாசிப்பாளர்களின் தொல்லையைக் கண்டு, தோளில் மாட்டிக்கொள்ளும்படி ஒன்றைச் செய்தார். அதன் கழுத்தில் ஃப்ரெட்டுகள் எனும் உலோகக் கம்பிகளைக் குறுக்கே பதித்ததால் விரல் கொஞ்சம் முன்பின் பட்டாலும் சுரம் பிசகாது. பெயரும் அதனால் வந்ததுதான். ஆரம்பத்தில் தட்டையான மரப்பலகைபோல இருந்தது. 1957-இல் இன்று நாம் அறிந்த உருவத்துக்கு வந்தது. தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்-அப்பை இரண்டு துண்டாக்கி, கீழ்ச்சுருதித் தந்திகள் இரண்டுக்கு ஒன்று, மேல்சுருதித் தந்திகள் இரண்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தார்கள். சுருள்கள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், சுற்றியுள்ள மின்சாரத்திலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். ஒலியளவுக்கு ஒரு திருகு, தொனிக்கு ஒரு திருகு, அவ்வளவே. அதன் பிறகு பெரிதாக மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

ஜாஸ் பேஸ் மேல்தட்டுக் கருவியாகத் திட்டமிடப்பட்டது. இடுப்பு சற்றுச் சாய்ந்த உடல், கழுத்தருகே ஒன்றும், தந்திகள் உடலில் முடியும் பிரிட்ஜ் அருகே ஒன்றுமாக இரண்டு பிக்-அப், நுனியில் ஒடுங்கிய கழுத்து. பிரெசிஷனின் கழுத்து அக்காலத்தில் நுனியில் தந்திகளைத் தாங்கும் நட் அருகே 1¾ அங்குல அகலம். ஜாஸில் 1½ அங்குலம். கால் அங்குலம்தானே என்று கேட்கலாம். அந்தக் கால் அங்குலத்துக்காகவே விற்றவர்களும் வாங்கியவர்களும் ஏராளம். சிறிய கை உள்ளவர்கள் ஜாஸின் கழுத்தைப் பிடித்துப் பார்த்ததும் முகம் மலர்வதைப் பார்த்தால், ஒலியைப் பற்றி அவர்களிடம் இனி எதுவும் பேசிப் பயனில்லை என்று புரிந்துவிடும்.

எந்தக் கூட்டத்துக்கு எது என்று விற்பனையாளர்கள் போட்ட கணக்கு மட்டும் பலிக்கவில்லை. ஜாஸ்காரர்களை மனத்தில் வைத்து 1960-இல் ஒன்றைச் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1950-களின் தொடக்கத்திலேயே, லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் மங்க் மான்ட்காமரி பிரெசிஷனை ஏந்தி நின்றுவிட்டார். ஜாஸ் பேஸை எடுத்துக் கொண்டாடியவர்களோ லெட் ஸெப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ், ரஷ் குழுவின் கெடி லீ போன்ற ராக் ஆட்கள். கெடி லீ தன் 1972-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸை மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் ஓர் அடகுக்கடையில் 200 டாலருக்கு வாங்கினார். பழைய பேஸ் கிட்டார் தேடி அலைகிற எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். எல்லோருடைய கனவிலும் அப்படி ஓர் அடகுக்கடை இருக்கிறது.

ஒலிக்கு வருவோம். பிரெசிஷனின் பிக்-அப் ஒரே இடத்தில் இருப்பதால் அதற்கு அடிப்படையில் ஒரே குரல்தான். கனமான, நடுத்தர அலைகள் முன்னே துருத்தி நிற்கிற குரல். ஜாஸில் இரண்டு பிக்-அப்பையும் முழுதாகத் திறந்தால் நடுத்தர அலைகளில் ஒரு பகுதி ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. அடியில் கனமும் மேலே பளிச்சென்ற ஓசையும் மிஞ்சுகின்றன. கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிக்கும் ஸ்லாப் பாணிக்கு இது வாகானது. மார்கஸ் மில்லரின் 1977-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் இந்தப் பாணிக்கே முகவரி ஆகிவிட்டது. பிரிட்ஜ் அருகே உள்ள பிக்-அப்பை மட்டும் வைத்தால் மூக்கால் பேசுவது போன்ற உறுமல் வரும். கூடவே இரைச்சலும் வரும். இரண்டு பிக்-அப்பும் சமமாகத் திறந்திருக்கும்போது மட்டுமே அந்த இரைச்சல் அடங்கும். ஜாஸை முதன்முதலாக வாங்கியவர்கள் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒரே குரல் என்றால் ஒரே வகைப் பாட்டு என்று அர்த்தமில்லை. ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஸோல் பாடல்களில் டக் டன் வாசித்ததும் பிரெசிஷன், அயர்ன் மெய்டனில் குதிரைப் பாய்ச்சலாக ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பதும் பிரெசிஷன். வேறுபாடு விரலிலும் தந்தியிலும் இருக்கிறது.

இதை விளக்க இரண்டு ஆட்களை அருகருகே வைக்கிறேன். டெட்ராய்ட் மோட்டவுன் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-ஆம் ஆண்டு பிரெசிஷனில் தடித்த, வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்திகளை மாட்டி, வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அறுந்தாலொழிய தந்தியை மாற்றமாட்டார். ஒரு தலைமுறை அமெரிக்கா நடனமாடியது அவர் விரலுக்கு. ஆனாலும் மோட்டவுன் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் முதலில் அச்சானது 1971-இல், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான். ஜாக்கோ பாஸ்டோரியஸிடம் இருந்ததும் 1962-ஆம் ஆண்டுக் கருவிதான், ஆனால் ஜாஸ் பேஸ். அதன் ஃப்ரெட்டுகள் பிடுங்கப்பட்டிருந்தன. பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பலகையில் பூசி, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்-அப்பில் பாட வைத்தார். 1976-இல் அவருடைய முதல் தனித்தொகுப்பு வந்தபோது பேஸ் கிட்டார் பின்வரிசையிலிருந்து எழுந்து மேடை நடுவுக்கு வந்தது. ஜேமர்சன் பாட்டுக்குள் மறைந்தார். ஜாக்கோ பாட்டுக்கு முன்னால் வந்து நின்றார். இருவருக்கும் வாய்த்த கருவிகளும் அந்தந்த வேலைக்கு இசைந்தவை.

ஒரு துயரமும் இருவருக்கும் பொது. ஜேமர்சனின் கருவி அவர் 1983-இல் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருடுபோனது. ஜாக்கோவுடையது 1986-இல் நியூயார்க்கில் திருடுபோய், இருபது ஆண்டுகளுக்குப் பிறகே வெளியே தெரிந்தது. மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவி, அது யாருக்குச் சொந்தம் என்ற சிக்கலை 2010-இல் தீர்த்துவைத்தார். பழைய கருவி வாங்குகிறவர்கள் முந்தைய உரிமையாளர் யார் என்று துருவித் துருவிக் கேட்பதைக் கேலி செய்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

இனி, கூடும் இடத்துக்கு வருவோம். பிரிட்டனில் பேஸ் ஆர்வலர்கள் ‘பேஸ் பாஷ்’ என்று ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். ஊர்ப் பொதுமண்டபம் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு இரண்டு மூன்று கருவியும் ஆம்ப் எனும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் யாருடையதையும் எடுத்து வாசிக்கலாம். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிவைக்கிற பழைய கருவியைக்கூட இங்கே நம்பிக் கையில் கொடுப்பார்கள். பேச்சுவாக்கில் ஒன்றிரண்டு கைமாறவும் செய்யும். இந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். டிரம்ஸ் கிடையாது, பாடகர் கிடையாது. தனியாக ஓர் ஆம்பில் செருகி, தனக்குத் தெரிந்த மிக வேகமான நாலு வரியை ஒருவர் வாசிக்கிறார். ஜாஸ் பேஸ் அந்தச் சூழலில் மினுங்குகிறது. ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழுகிறது, திருகைத் திருப்பினால் குரல் மாறுகிறது. அடுத்து பிரெசிஷனை எடுத்தால் கொஞ்சம் முரடாக, மொத்தையாக, மூடி வைத்ததுபோலக் கேட்கிறது. முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

அதே இரண்டையும் ஒரு குழுவுக்குள் கொண்டுபோய் வையுங்கள். டிரம்மின் அடி கீழே இருக்கிறது. சிம்பல் மேலே இருக்கிறது. கிட்டாரும் கீபோர்டும் மற்ற இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஜாஸில் மண்டபத்தில் இனித்த அடிக்கனமும் பளபளப்பும் இப்போது மற்ற வாத்தியங்களோடு முட்டி மங்கிவிடுகின்றன. பிரெசிஷனில் முரடாகத் தோன்றிய அந்த நடுத்தர அலைகள்தாம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. அனுபவமுள்ள ஒலிப்பதிவாளர்கள் பலர் பிரெசிஷனைக் கண்டதும் நிம்மதி அடைவது இதனால்தான். அதிகம் திருத்தாமலே பாட்டுக்குள் பொருந்திவிடும். ஜாஸ்காரரும் ஒரு பிக்-அப்பைச் சற்றுக் குறைத்தால் தப்பித்துவிடலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவர் சில கச்சேரிகளில் சறுக்க வேண்டியிருக்கும்.

தமிழ் வாசகருக்கு இது புரியச் சிரமமில்லை. இளையராஜாவின் பாடல்களில் சசிதரனின் பேஸையும், ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸையும் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. தபேலாவுக்கும் வயலின் கூட்டத்துக்கும் நடுவே, பாடகரின் குரலுக்குக் கீழே ஓடுகிற பேஸைத்தான் நாம் ரசித்திருக்கிறோம். தனியே உருவி எடுத்து அல்ல.

கைமாறும்போது பார்க்க வேண்டியவற்றிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பிரெசிஷனில் கெட்டுப்போகச் சாமான் குறைவு. ஜாஸில் பிக்-அப் இரண்டு, திருகு மூன்று. மெலிந்த கழுத்தாதலால் அது வளைந்திருக்கிறதா என்று நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட வேண்டும். கழுத்து திருகாணியால் பொருத்தப்படுவதால் இரண்டிலும் கலப்படம் எளிது. உடல் ஓர் ஆண்டிலும் கழுத்து வேறோர் ஆண்டிலும் பிறந்திருக்கலாம். திருகுகளின் அடியில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏமாறமாட்டார்கள். 137 என்று தொடங்கினால் அது சி.டி.எஸ். நிறுவனம் செய்தது. 1377619 என்றிருந்தால் 1976-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரம். 1965-இல் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தைய கருவி என்றால் விலையே வேறு என்பதால் இந்த எண்களுக்கு இவ்வளவு மதிப்பு. அசல் பூச்சைச் சுரண்டி மறுபடி சாயம் பூசியிருந்தால் விலை ஏறக்குறைய பாதி என்பது பழைய கிட்டார் வியாபாரத்தில் வாய்வழியாக வரும் கணக்கு.

மரத்திலும் ஒரு சங்கதி உண்டு. 1950-களின் பெரும்பகுதியில் பிரெசிஷனின் கழுத்து முழுவதும் மேப்பிள். ஜாஸ் பிறக்கும்போதே ரோஸ்வுட் விரல்பலகையோடு பிறந்தது. 1960-களின் நடுவில் பிரேசில் ரோஸ்வுட்டின் இடத்தை இந்திய ரோஸ்வுட் பிடித்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான் அது. 2017-இல் அந்த மரப் பேரினம் முழுவதற்கும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்தபோது, ரோஸ்வுட் வைத்த கருவியை எல்லை கடந்து விற்க உரிமச்சீட்டு தேவைப்பட்டது. மேப்பிள் கழுத்துக்காரர்கள் கவலையின்றி விற்றார்கள். 2019 நவம்பரில் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்த பிறகே இந்திய ரோஸ்வுட் வைத்தவர்கள் மூச்சுவிட்டார்கள்.

பிரெசிஷன் பிக்-அப்பையும் ஜாஸ் பிக்-அப்பையும் ஒரே உடலில் வைத்த பி.ஜே. வகைக் கருவிகளும் உண்டு. கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் டஃப் மக்கேகன் கையில் இருப்பது அந்த வகைதான். நல்ல சமரசம். ஆனால் சமரசத்தால் தேடல் ஓய்ந்ததாக நான் பார்த்ததில்லை. ஸ்டீலி டேன் குழுவின் வால்ட்டர் பெக்கர் 1990-களில் இந்தத் தீராத ஆசைக்கு, கிட்டார் வாங்கிக் குவிக்கும் நோய்க்குறி என்பதன் ஆங்கிலச் சுருக்கமாகக் ‘காஸ்’ என்று நோய்போலவே ஒரு பெயர் வைத்தார். நோயாளிகள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

என் தீர்ப்பு இது. வீட்டில் தனியாக வாசித்து மகிழ்பவருக்கும், பல குரல் வேண்டுபவருக்கும், சிறிய கை உள்ளவருக்கும் ஜாஸ். வாரா வாரம் குழுவோடு வாசிப்பவருக்கு, முதலில் வாங்கும் பழைய கருவி பிரெசிஷனாக இருக்கட்டும். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால், மண்டபத்தில் கேட்ட ஒலியை நம்பி அதை விற்காதீர்கள். பேஸ் சந்திப்புகளை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்னும் பத்து கிட்டார் வருவதைவிட, ஒரு டிரம்மரை அழைத்து வாருங்கள். விலைபேசுகிறவர்கள் அவரோடு நாலு பாட்டு வாசித்துவிட்டுப் பணத்தை எடுக்கட்டும்.