திரையை மாட்டியவர் யார்? சாபுல்டெபெக் ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாயம்

எல் சால்வடோர் அமைதி உடன்பாட்டின் பொருளாதாரப் பக்கத்தை எழுதுவோர், அல்வாரோ டி சோட்டோவும் கிராசியானா டெல் காஸ்டிலோவும் 1994இல் ‘ஃபாரின் பாலிசி’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்தே தொடங்குகிறார்கள். அதன் உவமை புகழ்பெற்றது. மேசையில் ஒரு நோயாளி. உடலின் நடுவே திரை. இருபுறமும் தொடர்பில்லாத இரண்டு அறுவைச் சிகிச்சைகள். உடன்பாட்டை நிறைவேற்றச் செலவு செய் என்கிறது ஐ.நா.; செலவைச் சுருக்கு என்கின்றன பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும். ஆகவே குறை ஒருங்கிணைப்பில் என்பது அவர்கள் முடிவு. 2005இல் ஐ.நா. அமைதிக் கட்டமைப்பு ஆணையத்தை நிறுவியபோதும் இந்தக் கணிப்பின் சாயல் இருந்தது.

இதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். திரை இருந்தது. ஆனால் அதை வாஷிங்டனின் அந்த இரு நிதி நிறுவனங்கள் மட்டும் மாட்டவில்லை.

1992 ஜனவரி 16 அன்று கையெழுத்தான சாபுல்டெபெக் அமைதி ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாய முன்னுரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அரசின் பொருளாதாரக் கொள்கையின் பொதுத் தத்துவமும் போக்கும் இவ்வொப்பந்தத்துக்குரிய பொருள் அல்ல என்பது அதன் சாரம். கெரில்லா அமைப்பான எஃப்.எம்.எல்.என். அத்தத்துவத்தை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள வேண்டியதில்லை என்ற குறிப்பு, ஸ்பானிய மூலத்தில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே செருகப்பட்டிருக்கிறது. அந்த இடைச்செருகல் பன்னிரண்டு ஆண்டுகள் போரிட்டவர்களின் மானத்தைக் காக்கிறது; எதிர்மறைப் பயனிலையோ பொருளாதாரத்தைப் பேச்சுக்கு வெளியே நிறுத்துகிறது. திரையின் முதல் ஆணி இதுதான். அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் ஐ.நா.வின் நடுவராக இருந்தவர் டி சோட்டோவேதான்!

இவ்வாக்கியம் எப்போது நுழைந்தது? 1991 செப்டம்பர் 25 நியூயார்க் உடன்பாட்டுக்கும், ஐ.நா. பொதுச்செயலர் பெரெஸ் டி குவேயாரின் பதவிக்காலம் முடிந்த டிசம்பர் 31 நள்ளிரவுக்கும் இடையே எங்கோ என்று கருதுகிறேன். அந்தக் கடைசி நாட்களின் அவசரம் அதன் நடையில் தெரிகிறது. நடையை வைத்துக் காலம் கணிப்பது பலவீனமான சான்று என்பதை மறுக்கவில்லை.

விளைவு நிலத்தில் தெரிந்தது. எத்தனை பேருக்கு நிலம் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. கெரில்லாக்கள் ஆயுதம் களைவதை நிறுத்திவைத்த பின்னரே, 1992 அக்டோபர் 13 அன்று அடுத்த பொதுச்செயலர் பூத்ரஸ் காலி ஓர் உச்ச வரம்பை முன்வைத்தார்: முன்னாள் கெரில்லாக்கள் 7,500, முன்னாள் படைவீரர்கள் 15,000, போர்ப்பகுதி நிலங்களில் குடியேறி உழுதவர்கள் 25,000, ஆக 47,500. அக்டோபர் 31இல் முடிய வேண்டிய ஆயுத மோதல் டிசம்பர் 15 அன்றுதான் முறைப்படி முடிந்தது. நிலமும் இலவசம் அல்ல. விற்க விரும்பிய உரிமையாளரிடம் சந்தை விலைக்கு வாங்கி, தலைக்கு 30,000 கொலோன் வரை கடனாக வைத்துக் கொடுத்தார்கள். துப்பாக்கியைக் கொடுத்தவர் கடனாளியாக வீடு திரும்பினார். இந்த ஏற்பாட்டை நிதியத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. தத்துவத்தைப் பேசுவதில்லை என்று ஒத்துக்கொண்டபோதே சந்தை விலையும் உடன் வந்துவிட்டது.

இதற்கு மறுப்பு உண்டு. அவ்வாக்கியம் இல்லாவிட்டால் அதிபர் கிறிஸ்தியானியின் அரசு கையெழுத்திட்டிருக்காது, போர் நீண்டிருக்கும் என்பார்கள். இருக்கலாம். புதிய குடிமைக் காவல்துறைக்குப் பணத் தட்டுப்பாடு ஏற்பட்டதற்கு நிதிச் சுருக்கமும் ஒரு காரணம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அதே அத்தியாயம்தான் அரசு, தொழிலாளர், முதலாளிகள் கூடிப் பேச ஒரு மன்றத்தையும் வகுத்தது. ஒத்திவைத்த பேச்சு நடக்க வேண்டிய இடம் அது. தொழிலதிபர் சங்கமான ஆனெப் தொடக்கத்தில் அங்கே வரவே மறுத்தது.