வெள்ளி ரூபாய்: காசா, உலோகமா?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னர் வரும் தந்தேரஸ் அன்று, வட இந்திய நகரங்களின் சராபா கடைத்தெருக்களில் பழைய வெள்ளி ரூபாய்கள் பெருமளவில் கைமாறுகின்றன. விக்டோரியா ராணியின் தலை, ஏழாம் எட்வர்டின் தலை, ஐந்தாம் ஜார்ஜின் தலை என எது பொறித்திருப்பினும், புழங்கித் தேய்ந்த நாணயத்திற்கு அன்றைய வெள்ளி விலையே அடிப்படை. வாங்குவோர் இதனைச் சேமிப்பு என்கின்றனர். விற்போர் எடையும் தரமும் பார்த்து விலை கூறுகின்றனர். நாணயத்தின் முகத்தில் உள்ள 'ஒரு ரூபாய்' என்னும் சொல்லை இருவருமே பொருட்படுத்துவதில்லை.

இவ்வழக்கம் இயல்பானதாகத் தோன்றலாம். ஆயினும், ரூபாய் என்பது காசா உலோகமா என்னும் வினா இந்திய வரலாற்றில் பல இலட்சம் குடும்பங்களின் சேமிப்பை ஆக்கவும் அழிக்கவும் செய்த வினாவாகும்.

'ரூபாய்' என்னும் சொல்லின் மூலமாகிய வடமொழி 'ரூப்ய' என்பது உருவம் பொறிக்கப்பட்டதையும், அதன் வழியே வெள்ளியையும் குறித்தது. ஒரே சொல்லில் முத்திரையும் உலோகமும் உடனுறைந்தன. எனினும், பதினெட்டாம் நூற்றாண்டு வங்காளத்தில் அவ்விரண்டும் ஓயாது பூசலிட்டன. அச்சிட்ட புதிதில் 'சிக்கா' என முழு மதிப்புப் பெற்ற ரூபாய், ஆண்டுகள் செல்லச் செல்ல, எடை குறையாவிடினும், கழிவுக்கே ஏற்கப்பட்டது. இக்கழிவுக்குப் 'பட்டா' என்று பெயர். தமிழ் வணிகர் வழக்கில் 'வட்டம்'. அதனைக் கணக்கிட்டுப் பிழைத்தவர்கள் சராப்புகள். இக்குழப்பத்தை ஒழிக்கவே, கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டாம் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டைத் தன் நாணயங்களில் நிலையாகப் பொறிக்கத் தொடங்கியது. ஆண்டு மாறாவிடின் காசு பழையதாகாது அன்றோ!

1835ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதிகள் அனைத்திற்கும் ஒரே ரூபாயை நிறுவியது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. இந்த அளவை 1818 முதலே சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டுக் கைக்கொண்டிருந்தது. அதுவே நாடு முழுமைக்கும் பொதுவாயிற்று. இதற்குச் சற்று முன்னரே, 1833இல், 'தோலா' என்னும் நிறையும் 180 கிரெயினாக வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகவே, கையில் ஒரு ரூபாய் இருந்தால் ஒரு தோலா எடைக்கல்லும் இருப்பதாகப் பொருள். ஆங்கிலேயரின் 'சாவரின்' என்னும் பொற்காசு தமிழில் 'சவரன்' என்னும் நிறையாக மாறியது போல, வெள்ளிக் காசும் நிறையும் இங்கே ஒன்றாயின.

இந்த ஒற்றுமைக்கு அடித்தளமாய் இருந்தது ஓர் எளிய உரிமை. எவரும் தம் வெள்ளியை அரசு நாணயச்சாலையில் கொடுத்து, சிறு கட்டணம் நீங்கலாக, ரூபாயாகப் பெறலாம். எனவே ஓர் உழவர் வீட்டுப் பெண்ணின் தண்டையும் காப்பும் அணிகலன் மட்டும் அல்ல. தேவைப்படும் நாளில் ஏறத்தாழ எடைக்கு எடை ரூபாயாக மாறக்கூடிய வைப்புநிதி. வங்கியையே அறியாத ஊர்களுக்கு வெள்ளியே வங்கியாக இருந்தது.

1870களில் இந்த அடித்தளம் ஆட்டங்கண்டது. ஜெர்மனி பொன்னாணய முறைக்கு மாறித் தன் வெள்ளியை விற்றது. பிரான்சும் அதன் கூட்டு நாடுகளும் வெள்ளி அச்சிடுவதைக் கட்டுப்படுத்தின. அமெரிக்காவின் நெவாடா சுரங்கங்களிலிருந்து புதுவெள்ளி பெருகி வந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்ற ரூபாய், 1892-93இல் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்குச் சரிந்தது. லண்டனில் செலுத்த வேண்டிய ஓய்வூதியம், கடன்வட்டி முதலான செலவுகளைப் பவுனில் கட்டி வந்த இந்திய அரசுக்கு இது பெருஞ்சுமை.

ஹெர்ஷெல் குழுவின் பரிந்துரைப்படி, 1893 ஜூன் 26 அன்று நாணயச்சாலைகளின் கதவு பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்டது. அன்றுமுதல் ரூபாயின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியைச் சார்ந்திருக்கவில்லை; அரசு எவ்வளவு அச்சிடுகிறது என்பதைச் சார்ந்தது. சில ஆண்டுகளில் அது 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிலைபெற்றது. வெள்ளியோ மேலும் வீழ்ந்தது. 1902இன் இறுதியில் லண்டன் விலைப்படி ஒரு ரூபாய்க்குள் இருந்த வெள்ளியின் மதிப்பு ஏறத்தாழ அரை ரூபாய்தான்.

இதனால் ரூபாயாகப் புதைத்து வைத்தவருக்கு இழப்பில்லை. அதே எடை வெள்ளியை அணிகலனாக வைத்திருந்தவரே இழந்தார். 1899-1900 பஞ்சத்தில் குஜராத்திலும் இராஜபுதனத்திலும் மத்திய மாகாணங்களிலும் மக்கள் நகைகளை விற்க நேர்ந்தபோது, முன்னர் ஒரு ரூபாய் பெற்றிருக்கும் வெள்ளிக்கு உலகச் சந்தை கணக்கின்படியே மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைத்திருக்கும். உள்ளூர் வணிகரின் கழிவு வேறு. வரியோ ரூபாயில் மாறாது நின்றது. நாணயச்சாலைகளை மூடியது வரியை மறைமுகமாக உயர்த்துவதே என்று தாதாபாய் நௌரோஜி 1898ஆம் ஆண்டு நாணயக் குழுவின் முன் வாதிட்டார். சட்டப் புத்தகத்தில் வரிவீதம் ஓர் அணாவும் ஏறவில்லை. ஆனால் அதனைக் கட்ட விற்க வேண்டிய வெள்ளியின் எடை ஏறியது.

முதல் உலகப் போர் இக்கணக்கைத் தலைகீழாக்கியது. வெள்ளி விலை அவுன்சுக்கு 43 பென்ஸைத் தாண்டினால், 1 ஷில்லிங் 4 பென்ஸ் மதிப்புள்ள ரூபாயைச் செலவிடுவதைவிட உருக்குவதே ஆதாயம். 1917 ஆகஸ்டில் அந்த எல்லை கடக்கப்பட்டது. அடுத்த மாதமே விலை 55 பென்ஸைத் தொட்டது. இதனை எதிர்பார்த்தே அரசு அவ்வாண்டு ஜூனில் நாணயங்களைப் பணமாகவன்றி வேறு எதற்கும் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியிருந்தது. நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்த் தாள் வெளியாயிற்று. தாளைக் கொடுத்து வெள்ளி கேட்டோர் பெருகினர். பல ஊர்களில் தாள் கழிவுக்கே மாறியது. மீண்டும் பட்டா!

நெருக்கடியைத் தீர்த்தது அமெரிக்கக் கருவூலம். 1918ஆம் ஆண்டு பிட்மன் சட்டத்தின்படி ஏறத்தாழ 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவ்வெள்ளியின் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்து ரூபாயாயிற்று. 1920 பிப்ரவரியில் 89 பென்ஸைக் கடந்த வெள்ளி விலை, பின்னர் விழுந்த வேகமும் அதற்கு இணையானதே. உச்சத்தில் வெள்ளி வாங்கியவருக்கு அந்த ஆண்டுகள் நல்ல பாடம்.

இரண்டாம் போரின்போது அரசு முந்திக்கொண்டது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் மக்கள் தாளை விட்டு வெள்ளிக்கு ஓடினர். தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றமாக்கப்பட்டது. ஜூலையில் ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் வந்தது. அவ்வாண்டிலேயே நாணயங்களின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது: 50 விழுக்காடு வெள்ளி, 40 செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். பழைய ரூபாய்கள் தவணை முறையில் செல்லாதவையாக்கப்பட்டன: 1941இல் விக்டோரியா, 1942இல் எட்வர்ட், 1943இல் ஜார்ஜ் காலத்து உயர்தர வெள்ளி. 1947இல் ரூபாய் முழு நிக்கலானது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாகப் பெற்ற ஏறத்தாழ 22 கோடி அவுன்ஸ் வெள்ளியைத் திருப்பித் தருவதற்காக, திரும்பி வந்த கலப்பு நாணயங்களைச் சுத்திகரிக்கும் ஆலை கல்கத்தாவின் அலிப்பூரில் நிறுவப்பட்டது.

செல்லாததாக்கப்பட்ட அந்நாளில்தான் பழைய ரூபாய் முழு உலோகமாயிற்று. காசாக அதன் மதிப்பு முடிந்தது; வெள்ளியாக அதன் மதிப்பு தொடர்ந்தது. அரசின் அறிவிப்பை மீறி மண்பானைகளில் எஞ்சியவையே இன்று தந்தேரஸ் கடைகளில் எடைபோடப்படுகின்றன.

அக்கடைகளில் வாங்குவோர்க்கு இவ்வரலாறு வெறும் பழங்கதையன்று. 1940க்கு முந்தைய வெள்ளி ரூபாயில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி உண்டு. பாதி வெள்ளியான ஆறாம் ஜார்ஜ் காலத்து ரூபாயில் 5.8 கிராம் மட்டுமே. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் மதிப்பு ஏறத்தாழப் பாதி. தேய்மானமும் கணக்கில் வரும். சட்டமே 2 விழுக்காட்டு எடைக்குறைவு வரை பொறுத்துக்கொண்டது. மறுபுறம், 1939ஆம் ஆண்டு பொறித்த ரூபாயைப் போன்ற அரிய நாணயத்தை வெள்ளி விலைக்கு விற்பவர் பேரிழப்புக்கு ஆளாவார். அந்த அருமையாலேயே அதற்குப் போலிகளும் மிகுதி.

வெள்ளி அரசை நம்பாதவரின் புகலிடம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1893 வேறொன்றைக் காட்டுகிறது. உழவரின் வெள்ளிக்கு அத்தனை காலம் மதிப்பளித்தது உலோகம் மட்டும் அன்று. அதனை ரூபாயாக மாற்றித் தந்த நாணயச்சாலையின் திறந்த கதவுந்தான். கதவு மூடப்பட்டபோது தண்டையின் எடை குறையவில்லை. அதனை விற்றுக் கிடைத்த தானியத்தின் அளவே குறைந்தது.